ஆற்றங்கரைக் கல்லில் கிடந்த உடுப்புகள் தொடர்பாக

பெயர்: மரியநாயகம் சுவக்கின். வயது: ஐம்பத்து நான்கு. தொழில்: தேயிலைப் பொதியிடும் நிலையம் ஒன்றில் களஞ்சிய உதவியாளர். பிறந்தது ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், இருப்பது கெலிஓயாவில். சமயம்: கத்தோலிக்கம். படிப்பு: பத்தாம் வகுப்பு வரை போனேன், படித்தேன் என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

இந்தப் பொலிஸ் நிலையத்தில் தமிழில் வாக்குமூலம் எடுக்கும் உத்தியோகத்தர் இன்று லீவு என்பதால், சார்ஜன் மாத்தயா கடதாசியும் பேனையும் தந்து என்னையே எழுதச் சொன்னார். இதை எழுதும் நேரத்தில் நான் என்னோடு வேலை செய்யும் ரஸீனுடைய சாரத்தைக் கட்டிக்கொண்டு, அவருடைய தம்பியின் கிரிக்கெட் பெனியனைப் போட்டிருக்கிறேன். பெனியன் தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. என்னுடைய சேர்ட், களிசான், செருப்பு ஆகியவை நான் இறந்துபோனதற்குச் சான்றாக இங்கே மேசை மேல் ஒரு பையில் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. நான் சாகவில்லை என்று எழுதிக் கையொப்பம் வைத்தால்தான் அவற்றைத் திருப்பித் தர முடியும் என்று சொன்னபடியால், நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

எங்கள் நிலையத்தின் நலன்புரிப் பிரிவில் இருக்கும் செல்வி அனற் என்பவர் என் மகள். பேராதனையில் படித்துப் பட்டம் எடுத்தவர். ஆறு மாதத்துக்கு முன் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த அன்றே, வேலை இடத்தில் என்னை அப்பா என்று கூப்பிட வேண்டாம், சாக்குத் தூக்குகிறவன் மகள் என்று யாரும் உன்னைக் குறைத்துப் பேசக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். அவர் சண்டை பிடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் மிஸ்டர் சுவக்கின் என்று கூப்பிடத் தொடங்கினார். அவர் என் மகள் என்பது வாசல் காவலாளி தொடக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்த மிஸ்டரை நான் கட்டிக் காத்து வந்தேன்.

இந்த வருடம் சித்திரை வெயில் தகரக் கூரைக்குக் கீழே எங்களை வறுத்தது. மகள் மனேஜரிடம் பல தடவை போய்ப் பேசி, தடித்த நீலக் கோட்டுக்குப் பதிலாகப் பருத்திச் சேர்ட்டும், குடிக்க ஜீவனி உப்புத்தூள் கரைத்த தண்ணீரும், பகலில் சம்பளம் வெட்டாமல் அரை மணித்தியால ஓய்வும், மேல்மாடியில் பாயும் விசிறியும் போட்ட ஓர் அறையும் வாங்கித் தந்தார். பாயைக் கண்டால் இந்த ஆட்கள் எழும்ப மாட்டார்கள் என்று மனேஜர் சொன்னாராம். ஒரு கிழமைக்குப் பரீட்சார்த்தமாகச் செய்து பார்ப்பது, ஏதாவது வில்லங்கம் வந்தால் அன்றோடு நிறுத்துவது என்ற பேச்சில்தான் சம்மதித்தார். அந்தக் கிழமையின் முதல் நாள் இன்று.

இன்று காலையில் மகள் எல்லோரையும் நிற்கவைத்து, தாகம் வரும் முன்பே தண்ணீர் குடிக்க வேண்டும், தலை சுற்றினால் உடனே வேலையை நிறுத்தி, உடுப்பைத் தளர்த்தி நனைத்துக்கொண்டு குளிர்ச்சியான இடத்தில் படுக்க வேண்டும், தனியாகப் போகவே கூடாது, ஒவ்வொருவரும் தன் ஜோடியைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். எனக்கு ஜோடி, லொறிக்கு ஏற்றும் பொதிகளைச் சரிபார்க்கும் ரஸீன்.

"மிஸ், இந்த வயித்த வச்சிக்கிட்டு இவர் எங்க போய் ஒளியிற? நான் கண்ண மூடிட்டே கண்டுபிடிப்பேன்" என்று ரஸீன் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தார்.

அதன் பிறகு வேலை தொடங்கியது. பகலாகியும் ஒருவரும் மேல்மாடிக்குப் போகவில்லை. படிக்கட்டைக் கடக்கும்போது ஒவ்வொருவரும் அண்ணாந்து பார்ப்பதும், பிறகு பக்கத்து ஆளின் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். முதலில் யார் போவது என்பதுதான் சங்கடம். அதன் பிறகு ரஸீன் லுஹர் தொழுகைக்காகப் பள்ளிக்குப் போனார். நான் லொறியில் இருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது எனக்குத் தலை சுற்றி, காது அடைத்து, கொட்டிக்கொண்டிருந்த வேர்வை நின்றுபோனது.

மேல்மாடிக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்தப் பாயில் முதல் ஆளாகப் படுப்பது மிஸ்ஸின் அப்பா என்றால் ஊர் என்ன சொல்லும், மனேஜர் என்ன சொல்லுவார் என்று யோசித்தேன். மகள் அறை எடுத்துக் கொடுத்ததே அப்பன் தூங்கத்தான் என்று கதை கட்டினால், அந்தப் பிள்ளை பட்ட பாடெல்லாம் வீண். ஆகவே மகள் சொன்னதை ஒன்று விடாமல் செய்வது, ஆனால் களவாகச் செய்வது என்று தீர்மானித்தேன். தனியாகப் போகக் கூடாது என்றதை மட்டும் விட்டுவிட்டேன். மூளை வெந்திருந்தபடியால் அது பெரிய கெட்டித்தனமாகத் தெரிந்தது.

அதன் பிறகு பின்பக்கப் படியால் மகாவலி ஆற்றுக்கு இறங்கி, கரையில் இருந்தபடியே தலையில் தண்ணீர் ஊற்றி, சேர்ட்டையும் களிசானையும் கழற்றி நனைத்தேன். நனைத்ததைத் திரும்பப் போடக் கை வரவில்லை. கல்லில் விரித்துவிட்டு, செருப்பையும் அங்கேயே மறந்துவிட்டு, உள்ளே போட்டிருந்த கட்டைக் காற்சட்டையோடு வேலியோரம் இருக்கும் சாக்குக் கொட்டிலுக்குள் போனேன். பலாமரத்து நிழல் விழும் இடம், நல்ல குளிர்ச்சி. வெறுஞ்சாக்குகளின் மேல் படுத்தவன் அப்படியே தூங்கிவிட்டேன்.

இதற்குப் பிறகு நடந்தவை மற்றவர்கள் சொல்லி அறிந்தவை. ரஸீன் பள்ளியில் இருந்து வந்து என்னைத் தேடியிருக்கிறார். களஞ்சியத்தில் இல்லை, மேல்மாடியில் இல்லை. பின்பக்கம் போனவர் கல்லில் உடுப்பைக் கண்டு கத்தியிருக்கிறார். முழு நிலையமும் ஆற்றங்கரைக்கு ஓடியிருக்கிறது. இரண்டு பேர் டயர் டியூப் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கியிருக்கிறார்கள். உங்களுக்கும் தகவல் கொடுத்து, நீங்களும் வந்து உடுப்பைப் பையில் போட்டிருக்கிறீர்கள்.

என் பெயரைச் சொல்லிப் பலர் கூப்பிடுவது எனக்குத் தூக்கத்தில் கேட்டது. இன்னொரு லொறி வந்துவிட்டதாக்கும் என்று நினைத்து, சத்தம் போடாமல் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அதன் பிறகு மகளின் குரல் கேட்டு உடனே எழும்பி, ஒரு சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றார்கள். என் மகள் முழங்கால் வரை ஆற்றுக்குள் நின்றார். அவருடைய ஒபீஸ் சப்பாத்து காலிலேயே இருந்தது.

"நான் இங்க இருக்கேன்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ரஸீன் திரும்பிப் பார்த்து அப்படியே கரையில் குந்திவிட்டார். "யா அல்லாஹ்! மய்யத்த தேடி வந்தா, மனுசன் சாக்க உடுத்துட்டு நிக்கிறாரே! ஒங்கட செருப்பக் கண்டவொடன ஏன்ட உசிரே போயிட்டு" என்று ஏசினார், அழுதார், பிறகு சாக்கில் அடித்திருந்த 'ஏற்றுமதித் தரம்' என்ற எழுத்தைக் காட்டிச் சிரித்தார்.

மகள் ஆற்றை விட்டு ஏறி வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "மேல ரூம் இருக்கே, ஏன் போகல?" என்று கேட்டார். உன் பெயர் கெட்டுப்போகும் என்று சொன்னேன். "நீங்க மொத ஆளா போயிருந்தா மத்தவங்களும் பின்னாலயே வந்திருப்பாங்க. ஒங்களுக்காகவும்தானே கேட்டு வாங்குனேன்" என்றார்.

அதன் பிறகு வைத்தியசாலையில் எனக்குச் சேலைன் ஏற்றினார்கள். உடம்பை நனைத்துக்கொண்டு படுத்ததால் தப்பினேன், தனியாகப் போனது மடத்தனம் என்று டொக்டர் சொன்னார். மனேஜரும் வந்திருந்தார். இன்றோடு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவரோ, வெட்கப்பட்டு ஆற்றுக்குப் போகிற ஆட்களை வைத்துக்கொண்டு விருப்பமானவர் ஓய்வெடுக்கலாம் என்று விட முடியாது, நாளையில் இருந்து முறை போட்டு எல்லோரும் கட்டாயம் போக வேண்டும், முதல் முறை தனக்கே என்று மகளிடம் சொன்னார். எனக்கு நெஞ்சில் இருந்த சாக்கு மூட்டை இறங்கியது.

என்னை எவரும் தள்ளவில்லை, பயமுறுத்தவில்லை. சாகும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. எவர் மீதும் முறைப்பாடு இல்லை. எழுதியதை நானே வாசித்துப் பார்த்தேன். ஓர் இடத்தைத் தவிர மற்றது எல்லாம் உண்மை.

அந்த இடம், மகளின் குரல் கேட்டு உடனே எழும்பினேன் என்பது. சார்ஜன் மாத்தயா கேட்டபோதும் வாயால் ஆம் என்றுதான் சொன்னேன், ஏனென்றால் மகள் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தார், இப்போதும் இருக்கிறார். ஆறு மாதமாக மிஸ்டர் என்று கூப்பிட்டவர் அத்தனை பேர் முன்னிலையிலும் "அப்பா" என்று கூப்பிட்டார். அரைத் தூக்கத்தில் எனக்கு அந்தச் சொல் மட்டும்தான் விளங்கியது, அதில் இருந்த அழுகை விளங்கவில்லை. இன்னும் ஒரு தடவை கூப்பிடட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். இரண்டாம் தடவைதான் எழும்பினேன்.

(ஒப்பம்) ம. சுவக்கின்