'வெறும் மாத்திரை' என்ற சொல்லுக்குப் பொறுப்பேற்றவருக்கு

மருந்து ஆய்வு நிலையத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் ஒப்புதல் விளக்குநராகப் பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் எங்கள் மூத்தவர் அவர்களுக்கு உடன் உழைத்தோர் வாசித்து அளிக்கும் மடல்

படிக்கத் தெரியாதோரின் பக்கத்து நாற்காலியில் அமர்ந்த பண்பாளரே! பொறுமைக்கே பொறுமை கற்பித்த பெரியவரே! அவசரக்காரர்கள் அத்தனை பேரையும் அலுக்க வைத்த அன்பரே! வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பு பதிவு எழுத்தராகிய என்னிடம் வந்ததற்கு ஒரே காரணம், என் கையெழுத்து பார்க்க அழகாக இருக்கும் என்பதுதான். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது அல்லவா! ஆனால் அந்த அழகான கையெழுத்து இதற்கு முன் எங்கே விழுந்தது என்பது தங்களுக்குத் தெரியும். அதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சொல்லும்போது 'நாங்கள்' என்றே சொல்லப்போகிறேன். 'நான்' என்று சொல்ல எனக்கு இன்னும் தைரியம் போதவில்லை.

'இன்னொரு தடவை' சார் அவர்களே!

முகத்துக்கு நேரே அண்ணா என்றும், முதுகுக்குப் பின்னால் இப்படியும் தங்களை அழைத்தோம். புது மருந்தைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வில் சேர வருகிறவர்களை உட்கார வைத்து, பதினோரு பக்க ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டி, அவர்கள் வாயாலேயே திரும்பச் சொல்ல வைப்பீர்கள். தடுமாறினால், "பரவால்ல, இன்னொரு தடவை பார்ப்போம்" என்று முதல் வரிக்குத் திரும்புவீர்கள். பக்கத்து நிலையத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பேர் சேர்ந்தால் இங்கே இரண்டு பேர் சேர்ந்தார்கள். "இவரு படிச்சு முடிக்கிறதுக்குள்ள வந்தவங்களுக்கு வியாதியே சரியாயிடும்" என்று ரத்தம் எடுக்கும் தம்பி சொல்லாத நாளில்லை. தாங்களும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, மீண்டும் முதல் பக்கத்தைப் புரட்டினீர்கள்.

பழைய சாமான் அறையை ஒழித்து விளக்க அறையாக்கியவர் தாங்கள். மேசை இருந்தால் அதிகாரி மாதிரி இருக்கும் என்று அதை வெளியே போட்டீர்கள். மை தடவிய விரலைத் துடைத்துக்கொள்ள ஈரத்துணி வைத்தீர்கள். "கைநாட்டு கேஸ் ஒண்ணு வந்திருக்கு" என்று கதவருகே நின்று குரல் கொடுத்த செவிலியரிடம், "அவங்களுக்குப் படிக்கத்தான் தெரியாதும்மா, காது நல்லா கேக்கும்" என்றீர்கள். அன்றிலிருந்து அந்தச் சொல் இந்தக் கட்டடத்தில் ஒலிக்கவில்லை.

'சரி' என்ற சொல்லை நம்பாதவரே!

நாம் பேசப் பேச எதிரில் இருப்பவர் "ம்", "சரி", "சரிங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. அந்த 'சரி'யைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது திருட்டு என்று எங்களுக்குச் சொன்னவர் தாங்கள். வேண்டாம் என்று எழுந்து போகிறவரை வாசல்வரை கொண்டுவிட்டு, "வேணாம்னு சொன்னதால டாக்டர் கோவிச்சுக்க மாட்டார், எப்பவும் பார்க்கிற வைத்தியம் அப்படியே நடக்கும்" என்று தெளிவுபடுத்திவிட்டுத்தான் திரும்புவீர்கள்.

இத்தனை கவனமாக இருந்தவருக்குத்தான் அது நேர்ந்தது. பாராட்டு மடலில் இதையெல்லாம் எழுதலாமா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. இதை விட்டுவிட்டுத் தங்களைப் பாராட்டினால், அது யாரோ ஒருவரைப் பாராட்டுவதாகிவிடும் என்று முடிவு செய்தோம்.

ஒரே சொல்லால் உறக்கம் இழந்தவரே!

ஆறு ஆண்டுகளுக்கு முன் வந்தது சர்க்கரை நோய்க்கான புது மாத்திரையின் ஆய்வு. சேருகிறவர்கள் பழைய மாத்திரையை வழக்கம்போலச் சாப்பிட வேண்டும். கூடவே பாதிப் பேருக்குப் புது மருந்து, மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதே போலிருக்கும், உள்ளே மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று மருத்துவருக்கே தெரியாது. மருந்தில்லாத அந்த மாத்திரைக்குப் படிவத்தில் வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. தாங்கள்தான் அதை அடித்துவிட்டு 'வெறும் மாத்திரை' என்று எழுதினீர்கள். எவ்வளவு எளிமை என்று நாங்கள் கைதட்டினோம்.

சலவைக் கூடத்தில் வேலை பார்த்த ஓர் அம்மா வந்தார். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் கெட்டிக்காரர். தாங்கள் ஒரு முறை படித்ததுமே, "பாதிப் பேருக்குப் புது மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாது. அவ்வளவுதானே சார்?" என்று வரி பிசகாமல் சொன்னார். இன்னொரு தடவை என்று கேட்கத் தேவையே இல்லாத ஆள் என்று தாங்கள் எங்களிடம் பெருமைப்பட்டுக்கொண்டீர்கள். ரேகை பதிந்தது. முப்பது மாத்திரை உள்ள டப்பாவை வாங்கிக்கொண்டு அவர் போனார்.

பத்தொன்பதாம் நாள், ஈரத்துணி மூட்டையோடு சலவைக் கூடத்துப் பின்படியில் மயங்கி விழுந்தார். இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்துபோனார்.

மீதி மாத்திரைகளைத் திரும்பப் பெறுவது விதி. தாங்கள் போனீர்கள். அவருடைய கணவர் பூட்டு, சாவி பழுது பார்ப்பவர். டப்பாவை எடுத்துத் தந்தபடி அவர் சொன்னதைத் தாங்கள் எங்களிடம் அப்படியே சொன்னீர்கள். "ஒரு நாள்கூடத் தப்பல சார். பாதிப் பேரு வெறும் வயித்துல போடணுமாம், நாம எந்தப் பாதின்னு சொல்ல மாட்டாங்களாம், எதுக்கும் வெறும் வயித்துலயே போட்டுடுறேன்னு சொன்னா. எல்லா மாத்திரையும் போட்டுட்டு மத்தியானம் வரைக்கும் பச்சத்தண்ணி தவிர எதையும் தொட மாட்டா. தலை சுத்துதுன்னா, மருந்து வேலை செய்யுதுன்னு சொல்லுவா."

சர்க்கரை நோயாளி எவரும் முதலில் கற்றுக்கொள்ளும் சொல் 'வெறும் வயிறு'. மாதாமாதம் ரத்தம் எடுக்க வரும்போதெல்லாம் நாம் சொல்லி அனுப்புவது அதைத்தான். 'வெறும்' என்றதும் அந்த அம்மாவின் காதில் வேறு எது விழும்? பழைய மாத்திரை சர்க்கரையைக் குறைக்க, வயிற்றில் ஒன்றுமில்லாமல், மூட்டை தூக்கியிருக்கிறார். பின்னால், யாருக்கு எது என்று எழுதி ஒட்டி வைத்திருந்த உறையைப் பிரித்துப் பார்த்தபோது, அவருக்குப் போனது மருந்தே இல்லாத மாத்திரை என்று தெரிந்தது. எதுவுமே இல்லாத ஒன்றுக்காக அவர் பத்தொன்பது நாள் பட்டினி கிடந்திருக்கிறார்.

அன்று மாலையே தாங்கள் தங்கள்மீதே புகார் எழுதினீர்கள். 'அவர் சம்மதிக்கவில்லை. நான் சொன்னதற்கு அவர் சம்மதித்தார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் சம்மதித்தது வேறொன்றுக்கு' என்று மூன்றே வரிகள்.

அதற்குப் பிறகு நடந்தது எங்கள் கதை. விசாரணைக் குழுவுக்கு ஒரு தாள் வேண்டியிருந்தது. ஒப்புதல் முறைப்படி பெறப்பட்டது, பங்கேற்றவர் அனைத்தையும் புரிந்துகொண்டிருந்தார் என்று தட்டச்சு செய்த தாள் டீ நேரத்தில் சுற்றுக்கு வந்தது. ஒன்பது பேர் கையெழுத்திட்டோம். எட்டுப் பேர் படித்தவர்கள். எட்டுப் பேரும் படித்துப் பார்க்கவில்லை. துப்புரவுப் பணி பார்க்கும் அக்கா மட்டும், "இதுல என்னப்பா எழுதியிருக்கு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லக்கா, எல்லாரும் போட்டிருக்கோம், நீங்களும் போடுங்க" என்று மை டப்பாவை நீட்டியது இதே கைதான். அந்தத் தாள் தங்களிடம் வந்தபோது தாங்கள் படித்தீர்கள். 'புரியும்படி நான் சொல்லவில்லை' என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினீர்கள். நாங்கள் தங்களோடு சாப்பிடுவதை நிறுத்தினோம்.

நிலையத்திலிருந்து பூட்டுக்காரருக்கு ஒரு கடிதம் போனது. படித்துக் காட்டச் சொல்லி அதை இங்கேயே எடுத்து வந்தார். நான்தான் படித்தேன். 'தங்கள் மனைவி அனைத்தையும் புரிந்துகொண்டே சேர்ந்தார் என்று ஒன்பது ஊழியர்கள் சான்றளித்துள்ளனர்' என்ற இடத்தில் அவர் என்னை நிறுத்தினார். "அப்போ அவ மேல தப்பில்ல. நான்தான். விழுந்ததுக்கு முதல் நாள் வாடிப்போயிருக்காளேன்னு வற்புறுத்தி ஒரு டீயும் ரெண்டு பிஸ்கட்டும் கொடுத்துட்டேன். மருந்து முறிஞ்சிடுச்சு." நான் கடிதத்தை மடித்துக் கொடுத்தேன். அவர் போனதும், அவர் சொன்னதைத் தங்களிடம் மட்டும் வந்து சொன்னேன்.

குடும்பத்தாரிடம் யாரும் பேசக்கூடாது என்று உத்தரவு இருந்தது. தாங்கள் மறுநாளே அவர் கடைக்குப் போய்ப் பேசினீர்கள். அந்தப் பத்தொன்பது நாளில் அவர் மனைவிக்குச் சரியாகக் கிடைத்த ஒரே மருந்து அந்த டீயும் பிஸ்கட்டும்தான் என்று சொன்னீர்கள். தப்பு என் சொல்லில் என்றீர்கள். அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க நல்லவரு சார், என் மனசு ஆறட்டும்னு சொல்றீங்க. ஆனா ஒன்பது பேரு கையெழுத்துப் போட்ட பேப்பர் வேற சொல்லுதே. நீங்க ஒருத்தர். நான் எதை நம்புறது?" என்று கேட்டார்.

உத்தரவை மீறியதற்காகத் தங்களைப் பதிவேட்டு அறைக்கு மாற்றினார்கள். ஓய்வுக்கு மிச்சமிருந்த ஆறு ஆண்டுகளும் அங்கேயே கழிந்தன. ஜன்னல் இல்லாத அந்த அறைக்குள், புதிதாக வந்த விளக்குநர்கள் படிவங்களைத் தூக்கிக்கொண்டு தங்களைத் தேடி வந்தார்கள். "நம்ம வார்த்தையவே அவங்க திருப்பிச் சொன்னா நம்பாதீங்க. நாளைக்குக் காலைல எழுந்ததும் என்ன செய்வீங்கன்னு கேளுங்க" என்று அவர்களுக்குச் சொன்னீர்கள். போன ஆண்டு ஒரு சுமைதூக்கும் தொழிலாளி அந்தக் கேள்விக்கு, "பழைய மாத்திரைய எல்லாம் தூக்கிப் போட்டுடுவேன்" என்றார். அவரைக் காப்பாற்றியது அந்தக் கேள்வி. அதை நாங்கள் எவருமே தங்களிடம் வந்து சொல்லவில்லை. இப்போது சொல்கிறோம்.

ஆனாலும் பூட்டுக்காரர் இன்றும் அந்த டீயை நினைத்துக்கொண்டுதான் பூட்டு திறக்கிறார். கடையில் டீ வாங்கி வைத்தால் தொடமாட்டார் என்று எங்கள் ஓட்டுநர் சொல்கிறார். அவரை அப்படி ஆக்கியது எங்கள் ஒன்பது கையெழுத்து. தங்களுக்கு நாங்கள் தரக்கூடிய பரிசு அதைத் திரும்பப் பெறுவது ஒன்றுதான்.

ஆகவே, ஆறு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் அளித்த சான்று பொய் என்றும், சலவைக் கூடத்து அம்மாவுக்கு அந்த ஆய்வு புரியவில்லை என்றும், புரிய வைக்க வேண்டியது எங்கள் வேலை என்றும், அவர் கணவர் கொடுத்த டீயால் எந்தக் கெடுதலும் நேரவில்லை என்றும் இம்மடலின் வழியே எழுதித் தருகிறோம். முதல் பிரதி தங்களுக்கு இல்லை, மன்னிக்க வேண்டும். நாளைக் காலை அதை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போய்ப் படித்துக் காட்டப்போகிறோம். அவர் நம்புவாரா, நம்பினாலும் அவருக்கு அது ஆறுதலா என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் வேலைக்கு என்ன ஆகும் என்பதும் தெரியாது.

ஒன்பது பேரில் எட்டுப் பேர் முன்வந்திருக்கிறோம். ஒன்பதாமவர் இன்று நிலைய மேலாளராக இம்மேடையில் அமர்ந்திருக்கிறார். நேற்றே அவரிடம் இதைக் காட்டினோம். படித்தார். மேடையில் படியுங்கள் என்றும் சொல்லவில்லை, படிக்காதீர்கள் என்றும் சொல்லவில்லை; யோசிக்க வேண்டும் என்றார். யோசிக்க நேரம் கொடுக்க வேண்டும், யாரையும் வற்புறுத்தக் கூடாது என்பது தாங்கள் கற்றுத் தந்த பாடம் என்பதால் விட்டுவிட்டோம்.

அண்ணா! முப்பத்தோர் ஆண்டுகள் பிறர் உடலுக்காக வாய் வலிக்கப் பேசிய தாங்கள், இனித் தங்கள் உடலையும் கொஞ்சம் கவனித்துக்கொள்ள வேண்டும். தூக்கமே வருவதில்லை என்று அண்ணி எங்களிடம் வருத்தப்பட்டார்கள். நோய் அண்டாமல், மூட்டு வலிக்காமல், பேரப்பிள்ளைகள் தொல்லை பொறுக்க முடியாத அளவுக்கு, தாங்களும் அண்ணியும் நீடு வாழ வேண்டும் என மனமார வேண்டுகிறோம். எங்களை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

மேலே உள்ளதை ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டோம். புரியாத இடத்தில் நிறுத்தச் சொன்னோம். இதனால் எங்களுக்கு என்ன நேரலாம் என்பதைப் பேசினோம். வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம் என்பதும் தெரியும். எங்கள் சொந்த விருப்பத்தில் கையெழுத்திடுகிறோம்.

துப்புரவுப் பணியாளர் – இடது பெருவிரல் ரேகை
செவிலியர்கள் மூவர்
ரத்தம் எடுப்பவர்
மருந்தாளுநர்
ஓட்டுநர்
பதிவு எழுத்தராகிய நான்
ஒன்பதாம் இடம் – காலியாக விடப்பட்டுள்ளது