துடியலூர் டவருக்குக் கீழ எம்பேரு

...அதுல பாருங்க அம்மணி, என்னையப் பாத்தா பூட்ட ஒடைக்கறவளாட்டமா இருக்குது? காத்தால பத்து மணிக்கு இந்த ஸ்டேஷனுக்குக் கூட்டியாந்து ஒக்கார வெச்சது. நீங்க எதுக்கு வந்தீங்க... ஆர்சி புக்கு தொலைஞ்சுபோச்சுங்களா? அது பரவால்லீங்க, வேற வாங்கிக்கலாம். எனக்கு மானமே போச்சு.

துடியலூர்ல ஒரு ஊட்டுல பட்டப்பகல்ல பூட்ட ஒடைச்சு நகையத் தூக்கிட்டானுகளாம். புதன்கெழம. அந்நேரம் அங்கிருக்கற டவருக்குக் கீழ எந்தெந்தப் போன் இருந்துச்சுன்னு போலீசு பட்டியல் வாங்கிருக்குது. அதுல எம்பேர்ல ஒரு நம்பரு. ராமாமணின்னு தெளிவாப் போட்டிருக்குது. நாங்க அன்னூருங்க, மாட்டுத்தீவனக் கடை வெச்சிருக்கறோம். நானு துடியலூர்ப் பக்கம் போயே மூணு வருசமாச்சு.

இன்ஸ்பெக்டரு மரியாதையாத்தான் பேசுனாரு, அதச் சொல்லோணும். அந்த நம்பரு ஆறு புதன்கெழமையா அங்கியே வந்து ரெண்டு மணி நேரம் நிக்குதாம். ஒரு கால் போவல, ஒரு கால் வரல. இப்படி ஊமைப் போன் வெச்சு நோட்டம் பாக்கறவன் திருடந்தான்னாரு. அந்தப் போனே எனக்குத் தெரியாதுன்னுபோட்டேன். உடனே ஒரு காயிதத்த நீட்டுனாரு. சிம்மு வாங்கறப்ப எடுத்த போட்டோ. அதுல நானு சிரிச்சுக்கிட்டு வேற இருக்கறேன்.

டவரு பொய் சொல்லாதுங்கறாரு. அதுக்குக் கீழ ஆயிரம் ஊடு இருக்குது, பேக்கரி இருக்குது, கல்யாண மண்டபம் இருக்குது. அத்தன பேர்ல நாந்தான் ஆப்ட்டேனாக்கும்.

செரி, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. அந்தப் போன வெச்சது நாந்தானுங்க.

எங்கூட்டுக்காரரு திருமூர்த்தி இருக்கறாரே, புதன்கெழமையானா தவுடு பாக்கப் போறேன்னு தலைக்கு எண்ணெ தடவி, இஸ்திரிச் சட்ட போட்டுக்கிட்டுக் கெளம்பிருவாரு. தவுடு பாக்க எதுக்குங்க இஸ்திரிச் சட்ட? பழைய டச் போன்ல புது சிம்மப் போட்டு, செவ்வாக்கெழம நல்லா சார்ஜ் ஏத்தி, சத்தத்த அமத்தி, அவரு ஸ்கூட்டர் டிக்கில துணிக்கடியில வெச்சுபோட்டேன். அது எங்க போகுதுன்னு எம்போன் மேப்புல தெரியும். ஆறு வாரமும் ஒரே சந்துல போயி நிக்குது. இந்த வயசுல ஒருத்தியச் சேத்துக்கிட்டாருன்னு எனக்குச் சோறு எறங்கல. நேர்ல போயிப் புடிக்கோணும்னு இருந்தேன், அதுக்குள்ள போலீசு முந்திக்கிச்சு.

எம்பேர்ல இருக்கற போன இவருதான் வெச்சிருப்பாருன்னு அவரையும் கூட்டியாந்தாங்க. புதன்கெழமையில எங்க போனீங்கன்னு கேட்டா தலையக் குனிஞ்சுக்கிட்டே ஒக்காந்திருக்கறாரு. கேசப் போட்டு உள்ள தள்ளிருவோம்னாங்க. அப்பவும் குனிஞ்ச தலைய நிமுத்தல. எனக்கு ஆத்தரம் தாங்கல. போன் வெச்சது நாந்தானுங்க சார், அவ யாருன்னு மட்டும் இவரச் சொல்லச் சொல்லுங்கன்னு கத்திப்போட்டேன்.

அவரு என்னைய நிமுந்து பாத்தாரு. "நித்யா ஊட்டுக்குப் போனேன்"னாரு.

நித்யஸ்ரீ எம்பொண்ணுங்க. ஒரே பொண்ணு. மூணு வருசத்துக்கு முன்னால கூட வேல பாத்த அஃபான்ங்கற பையனக் கட்டிக்கிட்டா. அந்தப் பையன் குணத்துல ஒரு கொறை சொல்ல முடியாதுங்க, அதுலதான் எனக்குக் கோவமே. அவ எங்க குடியிருக்கறான்னுகூட நானு கேட்டதில்ல. அவ ஊட்டு வாசல மிதிச்சா என்னையப் பொணமாத்தான் பாப்பீங்கன்னு இவருகிட்டச் சொல்லி வெச்சிருந்தேன். கோவத்துல சொல்றதுதானுங்களே? இந்த மனுசன் நெசம்னு நம்பிப்போட்டாரு. நாஞ் செத்துப்போயிருவேன்னு பயந்துக்கிட்டு, திருடன்னு பேரு வாங்கறதுக்கே துணிஞ்சுட்டாரு பாருங்க.

அதோட விட்டாங்களா? புடிக்கறதுக்கு டவரு சொன்னாப் போதுமாம், விடறதுக்கு மனுசரு வந்து சொல்லோணுமாம். பொண்ணு நேர்ல வந்து எழுதிக் குடுக்கோணும்னு சொல்லிப்போட்டாங்க. எங்கூட்டுக்காரரு அவளுக்குப் போன் பண்ணிருக்கறாரு. வரட்டும், எனக்கென்ன. நானு இந்தச் செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கறேன். மூணு வருசம் பேசாதவ இன்னைக்கு மட்டும்...

ஏனுங்க அம்மணி, வாசல்கிட்ட ஆட்டோவுல இருந்து எறங்கறது... பச்சச் சுடிதாரு. அவதான். என்ன இப்படி மெதுவா வாரா? நடக்கறதப் பாருங்க, இடுப்புல கைய வெச்சுக்கிட்டு...

எட்டு மாசம் இருக்குமுங்களா? நீங்க சொல்லுங்க. இருக்கும், எட்டு இருக்கும்.

இந்தாளு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.

அம்மணி, கொஞ்சம் அந்தப் பக்கம் நகுந்துக்கறீங்களா? புள்ள ஒக்காரோணும்.