இரண்டுக்கும் ஒரே கிட்டார்

ஸ்டுடியோவுக்கும் மேடைக்கும் சேர்த்து ஒரே கிட்டார் வாங்கலாமா என்று என்னிடம் கேட்காத ஆளில்லை சார். வாங்கலாம், தாராளமாக வாங்கலாம். ஆனால் கொஞ்சம் யோசித்து வாங்க வேண்டும். பதிவு அறையில் கொஞ்சிப் பேசுகிற கிட்டார் மேடையில் வம்புக்கு நிற்கும். மேடையில் சொன்ன பேச்சைக் கேட்கிற கிட்டாரை அறையில் மைக் முன்னால் வைத்தால் தகர டப்பா மாதிரி இருக்கும். பெரிய வயிறுள்ள கிட்டாருக்குள் சத்தம் சுற்றிச் சுற்றி வரும். அறையில் அதுதான் அழகு. மேடையிலோ ஸ்பீக்கர் சத்தமும் அந்த வயிற்றுக்குள் புகுந்துகொள்ளும். அப்புறம் அது தானாகவே ஊளையிட ஆரம்பித்துவிடும். ஆகவே நடுத்தர உடம்பு, கம்பியின் அதிர்வை மட்டும் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற நல்ல பிக்கப், குழப்பமில்லாத பட்டன்கள், இந்த மூன்றையும் பார்த்து வாங்குங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். என் தங்கைக்கு மட்டும் சொல்லவில்லை.

நீங்கள் ஒல்லிப்பிச்சானைப் பற்றித்தான் கேட்டீர்கள். அவனிடம்தான் வருகிறேன். கிட்டாரிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும்.

என் தங்கை பாடுவாள், கிட்டார் வாசிப்பாள். நான் சவுண்ட் ஆள். வீட்டின் பின்னறையில் சுவரெல்லாம் பழைய கம்பளியை அடித்து ஒரு ஸ்டுடியோ மாதிரி வைத்திருக்கிறேன். அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அவள் குரலைப் பதிவு செய்தது நான்தான். அவள் ஏறிய மேடைக்கெல்லாம், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் முன்னால் உட்கார்ந்ததும் நான்தான். அவளுக்குக் குரல், இவனுக்குக் காது என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். எனக்கு உள்ளுக்குள் பூரித்துப் போகும். அவளும் கூடச் சிரிப்பாள். கடைசியாகச் சொன்னபோது மட்டும் அவள் சிரிக்கவில்லை, எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

அப்போதுதான் ஒரு பெரிய பாடகரின் குழுவிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. ஊர் ஊராகக் கச்சேரி, நடுநடுவே அவர்களுடைய ஸ்டுடியோவில் பதிவு. அவள் இத்தனை வருடம் தவம் கிடந்தது அதற்காகத்தான். "ண்ணா, ரெண்டுக்கும் ஒரே கிட்டாரா எடுத்துட்டு வரச் சொல்றாங்க. நீதான் பார்த்து வாங்கித் தரணும்" என்றாள்.

கடைக்குப் போனோம். கடைக்காரர் எனக்குப் பழக்கமானவர். அவள் சுற்றி வந்து, பழுப்பு நிறத்தில் நடுத்தரமான ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாலு கம்பியைத் தட்டியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சரியான கிட்டார் சார் அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. "கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போம்மா" என்றார் கடைக்காரர். நான், "இதுல உயிரே இல்லையே" என்றேன். அப்படிச் சொல்லிவிட்டு, மேலே மாட்டியிருந்த பெரிய வயிற்றுக்காரனை இறக்கச் சொன்னேன். அதில் பிக்கப் போதாதென்று வயிற்றுக்குள் ஒரு சின்ன மைக்கும் உண்டு. அதன் அளவைக் கூட்டிக் குறைக்க, துளையின் விளிம்புக்குள் விரல் நுனியால் தள்ளுகிற மாதிரி ஒரு சின்னச் சக்கரம். "என்னப்பா, மேடைக்கா இது?" என்று கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "நான் பார்த்துக்கறேன்" என்றேன். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவள் பழுப்புக் கிட்டாரைத் திரும்ப வைத்துவிட்டாள். வைக்குமுன் அதை ஒருமுறை தடவிக்கொடுத்தாள். எனக்கு உடம்பு கூசியது. கூசியும் பெரிய வயிற்றுக்காரனுக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

என் கணக்கு ரொம்பச் சாதாரணமானது. மேடையில் அந்த உள் மைக்கைத் திறந்து வைத்தால் அது கத்தும். அதன் குணம் தெரிந்த ஒருவன் மிக்ஸரில் உட்கார்ந்தால்தான் அடங்கும். அவளிடம், "இந்தச் சக்கரத்த நீ தொடவே கூடாது, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லி வைத்தேன். அவளும் தொட்டதில்லை, அது எதற்கு என்றுகூடக் கேட்டதில்லை. குழுவோடு போன பிறகு, இந்தக் கிட்டாரோடு எங்களால் மல்லுக்கட்ட முடியவில்லை, உன் அண்ணனையே கூப்பிடு என்று அவர்கள் சொல்வார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அதில் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

ஒருநாள் அவள் கப்புகளைக் கழுவிக் கழுவி என் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள், நான் துடைத்துக்கொண்டிருந்தேன். "ண்ணா, கோச்சுக்காத. டூர் பூரா அவங்க ஆளே சவுண்ட் பார்த்துக்குவாராம். நான்தான் சரின்னுட்டேன். நீயும் எத்தன நாளைக்குத்தான் எனக்கே மாரடிப்ப? உனக்குன்னு ஏதாவது பண்ணு" என்றாள். சண்டை போட்டுச் சொல்லியிருந்தால் தேவலை சார். அவள் என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாள். "போடி, எனக்கென்ன கோபம்" என்று சொல்லிவிட்டுக் கப்பை அதனிடத்தில் வைத்தேன்.

முதல் கச்சேரி எங்கள் ஊரிலேயே. கூடமாட ஒத்தாசைக்கு வருகிறேன் என்று மத்தியானமே போய்விட்டேன். அங்கேதான் ஒல்லிப்பிச்சானைப் பார்த்தேன். குழுவில் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவனும் சிரித்துக்கொண்டே அந்தப் பெயரைச் சொல்லித்தான் அறிமுகம் செய்துகொண்டான். தொழில் தெரிந்தவன். வந்த கையோடு என்னிடம் கேட்டான், "அண்ணே, இந்தக் கிட்டார்ல உள்ள மைக் ஏதாச்சும் இருக்கா?" "இல்ல தம்பி, வெறும் பிக்கப்தான்." பாடுகிறவர்கள் காதுக்குள் ஒன்றைச் செருகிக்கொள்வார்களே, தங்கள் சத்தம் தங்களுக்குக் கேட்பதற்கு, அதில் லிமிட்டர் என்று ஒரு பாதுகாப்பு உண்டு. திடீரென்று பெருஞ்சத்தம் வந்தால் காதுக்குப் போகாமல் அது தடுத்துவிடும். அவளுடைய காதுக்கருவி எப்போதும் என் பொறுப்பில்தான் இருந்தது. "காதுல லிமிட்டர் ஆன்ல இருக்குல்லண்ணே?" என்றான். "இருக்கு" என்றேன். "நீங்க சொன்னா சரிண்ணே" என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டான்.

அவன் அஜாக்கிரதையாக இருந்தான் என்று உங்கள் ஸ்டேஷன் தாளில் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு பாடகியை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்ட சவுண்ட் ஆள் சொன்னதை அடுத்தவன் சோதித்துப் பார்க்க மாட்டான். அவன் எதிரிலேயே அவன் பெட்டியைத் திறந்து பார்ப்பது மூஞ்சியில் அடித்த மாதிரி. ஒல்லிப்பிச்சான் டார்ச்சை எடுத்துக் கிட்டார் துளைக்குள் ஒரு தடவை அடித்திருந்தால் அந்த மைக் தெரிந்திருக்கும். எனக்கு மரியாதை கொடுத்துத்தான் அவன் பார்க்கவில்லை.

உள் மைக்கைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன் என்று போன தடவை உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. சவுண்ட் செக்குக்கு முன்னால் அந்தச் சக்கரத்தை நானே மூடி வைத்தேன். கிட்டார் சமர்த்தாக ஒலித்தது. ஒல்லிப்பிச்சான் தூரத்திலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். மேடை ஏறுமுன் கிட்டாரை என்னிடம் கொடுத்துச் சுருதி சேர்த்து வாங்கிக்கொள்வது அவள் பழக்கம். அன்றைக்கும் கொடுத்தாள். சேர்த்தேன். சேர்த்துவிட்டுச் சக்கரத்தை முழுக்கத் திறந்தேன். "நீ வந்ததே எனக்குப் பெரிய தெம்புண்ணா" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

லிமிட்டர் விஷயமும் அப்படித்தான். வீட்டில் எப்போதும் அது ஆஃபில்தான் இருக்கும், கவனிக்கவில்லை என்று சொன்னேன் இல்லையா? கிட்டார் இல்லாமல் குரலுக்கு மட்டும் நடந்த ஒத்திகையிலேயே ஒல்லிப்பிச்சான் அவளிடம் சொல்லி அதை ஆன் பண்ண வைத்திருக்கிறான். அன்று காலை பாட்டரி மாற்றும்போது பார்த்தேன், ஆனில் இருந்தது. நான்தான் அணைத்தேன்.

இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. நான் நினைத்தது ஒரே ஒரு கத்தல். அவள் துணுக்குற்று மிக்ஸர் பக்கம் பார்ப்பாள், அங்கே நான் இல்லை என்பது அவளுக்கு உறைக்கும், ஜனங்கள் சிரிப்பார்கள், அவள் தலை குனிவாள், கச்சேரி முடிந்ததும் என்னிடம் வருவாள். அவள் கொஞ்சம் அவமானப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கூடப் பிறந்தவன் ஆசைப்படுகிற காரியமா அது?

இரண்டாவது பாட்டு மெதுவான பாட்டு. ஒல்லிப்பிச்சான் கிட்டாரைக் கொஞ்சம் ஏற்றினான். அது வீறிட்டது. அரங்கத்தில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவளால் முடியவில்லை, சத்தம் அவள் காதுக்குள்ளேயே இருந்தது, கை இரண்டும் கிட்டாரில் இருந்தன. ஒல்லிப்பிச்சான் சட்டென்று அணைத்துவிட்டான். நானாக இருந்தால்கூட அவ்வளவு சீக்கிரம் அணைத்திருக்க மாட்டேன். அதற்குள் அவள் கிட்டாரோடு முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் நினைத்த மாதிரி அவள் மிக்ஸர் பக்கம் பார்க்கவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடினாள். வாய் மட்டும் "அண்ணா, அண்ணா" என்று அசைந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஒல்லிப்பிச்சானும் வந்தான். அத்தனை பேர் முன்னாலும், "உன்ன நம்பித்தானே தம்பி ஒப்படைச்சேன்" என்று அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "தப்பு என்னோடதுதாண்ணே, நான் ஒரு தடவ பார்த்திருக்கணும்" என்றான். அப்போது நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்திருக்கலாம். ஆனால் சட்டையை இன்னும் இறுக்கித்தான் பிடித்தேன். அப்புறம் அவன்மேல் புகார் கொடுக்கச் சொல்லி அவளுக்கு ஏற்றிவிட்டதும் நான்தான். அவனுக்கு இப்போது எங்கேயும் வேலையில்லை என்று கேள்விப்பட்டேன்.

இதோடு முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் வந்தேன். ஆனால் இன்னும் ஒன்று இருக்கிறது சார்.

மறுநாள் டாக்டர் பார்த்தார். அவள் தலைசுற்றலில் கண்ணை மூடிக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். டாக்டர் என்னிடம் சொன்னார், "வலது காது கஷ்டம். இடது காதுக்கு உடனே மருந்து ஆரம்பிச்சா ஓரளவு திரும்பிடும். தள்ளிப் போட்டீங்கன்னா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல." இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார், ஒன்று தலைசுற்றலுக்கு, மற்றது காதுக்கு. அடுத்த வாரம் காதுக்குள் ஊசி போட வரச் சொன்னார். அவள் கண்ணைத் திறந்து, என்ன சொல்றார் என்று ஜாடையில் கேட்டாள். செல்போனில் அடித்துக் காட்டினேன்: ஓய்வு எடுக்கச் சொல்கிறார், தானாகச் சரியாகிவிடுமாம். அவள் என் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

தலைசுற்றல் மாத்திரையை மட்டும் வாங்கினேன். மற்றதைப் போட்டால் முகம் வீங்கும், தூக்கம் போகும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். ஏற்கெனவே நொந்து கிடக்கிற பெண்ணை இன்னும் படுத்துவானேன் என்று நினைத்தேன். ஊசியும் அப்படித்தான், காதுக்குள் போடுகிற ஊசி. அந்த வாரம் போயிற்று. அடுத்த வாரமும் போயிற்று. இடது காதில் இருந்த கொஞ்சநஞ்சமும் அடங்கிவிட்டது.

இப்போது வீட்டில் ஒரு குறையும் இல்லை. பால்காரர் வந்தால் நான்தான் சொல்ல வேண்டும், யாராவது போன் செய்தால் நான்தான் பேச வேண்டும். மற்றவர்கள் வாயைப் பார்த்து அவளால் இன்னும் பிடிக்க முடியவில்லை. நான் மெதுவாகப் பேசினால் மட்டும் பிடித்துக்கொள்கிறாள். சமயத்தில் தன்னை மறந்து பாடுவாள். சுருதி கொஞ்சம் விலகித்தான் போகிறது. நான் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டுவேன். அவள் அதை நம்பிச் சிரிக்கும்போது எனக்கு அழுகையாக வரும்.

ஏன் இதையெல்லாம் இன்றைக்கு வந்து சொல்கிறேன் என்று கேட்கிறீர்கள். ஒல்லிப்பிச்சான்மேல் அவளுக்குக் கோபம் போய்விட்டது. புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவனை நேரில் பார்த்து அன்று என்னதான் நடந்தது என்று ஒரு தடவை கேட்க வேண்டுமாம். காலையிலிருந்து ஒரே பிடிவாதம். அவன் எழுதிக் காட்டினால் என்ன எழுதுவான்? அண்ணன்தான் மைக் இல்லையென்று சொன்னார் என்றுதானே? அவள் அப்படிக் கண்டவன் மூலம் தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் முந்திக்கொண்டு வந்தேன். எல்லாவற்றையும் நான்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அவள் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள், தன் முறை வருமென்று. நீங்கள் போய் இதை அவளிடம் காட்ட வேண்டாம் சார். பாவம், மிரண்டுவிடுவாள். நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன், நான் சொன்னால்தான் அவளுக்குப் புரியும்.