அறுபது வீதத்துக்கு மேல்

நான் ஒருநாளும் வேலைக்குப் பிந்திப் போனதில்லை, ஐயா. இரண்டாயிரத்து எட்டில், வெள்ளவத்தையில், ஒரு தமிழனுக்கு அது சின்னக் காரியமில்லை. அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, வேலைசெய்யும் கந்தோரின் கடிதம் மூன்றையும் சோதனைச் சாவடியில் கேட்கும் வரிசையிலேயே பைக்குள் வைத்திருப்பேன். "இவன் செத்தாலும், பாடை கோணலாய்க் கிடக்கு எண்டு எழும்பி நேராக்கிப்போட்டுத்தான் படுப்பான்" என்று அம்மா சொல்லுவார். ஒழுங்கில் எனக்கு அப்படியொரு விசர்.

காணாமற்போனவர்களின் முறைப்பாடுகளைப் பதிவுசெய்யும் சிறிய நிலையம் எங்களுடையது. அதை நடத்தியவர் நாகேந்திரம், ஓய்வுபெற்ற சட்டத்தரணி. கணினி வேலை முழுக்க நான். முந்நூற்றுப் பன்னிரண்டு முறைப்பாடுகளையும் தட்டச்சு செய்து, எவரும் இலவசமாக எடுத்துத் திருத்தக்கூடிய ஒரு தேடல் மென்பொருளுக்குள் போட்டேன். என்ன சொல்லைக் கொடுத்தாலும் அதற்குரிய முறைப்பாடுகள் வந்து நிற்க வேண்டும்.

எல்லாக் கடதாசியிலும் இருக்கிற சொல் தேடலுக்கு உதவாது. "ஒரு", "அந்த", "என்று" இவற்றையெல்லாம் கழித்துவிட்டால் தேடல் பறக்கும். அதைக் கையால் செய்ய எனக்குப் பஞ்சி. அறுபது வீதத்துக்கு மேற்பட்ட முறைப்பாடுகளில் வரும் எந்தச் சொல்லையும் மென்பொருள் தானாகவே கழித்துவிடும்படி நாற்பது வரி எழுதினேன். அந்த மென்பொருளைப் பராமரிக்கும் வெளிநாட்டுக்காரர்கள் அதைப் பாராட்டி, என் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தை அச்சடித்து அம்மாவிடம் காட்டினேன். "உன்ர பேர் ஏன் இவ்வளவு சின்னனாய்க் கிடக்கு?" என்றார். ரொறொன்ரோக் கம்பனி ஒன்றும் என்னோடு கதைக்கத் தொடங்கியிருந்தது. தலைகால் தெரியாமல் திரிந்தேன்.

ஒருநாள், கழிபட்ட சொற்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஒரு, அந்த, என்று, மகன், வெள்ளை, வான். முக்கால்வாசிக்கு மேற்பட்டவர்களை வெள்ளை வானில்தான் ஏற்றிக் கடத்தியிருக்கிறார்கள். ஆகவே அந்தச் சொல்லுக்குப் பெறுமதி இல்லை. என்னுடைய நாற்பது வரி எவ்வளவு சரியாக வேலைசெய்கிறது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த மாதம் வெளிநாட்டுக் குழு ஒன்றுக்கு, வெள்ளை வானில் கொண்டுபோனவர்களை வைத்திருப்பதாகச் சொல்லப்பட்ட தடுப்பு முகாம் ஒன்றைப் பார்க்க அனுமதி கிடைத்தது. நாங்கள் கொடுக்கும் பட்டியலில் உள்ள பெயர்களை மட்டும் அங்கே வாசித்துக் கேட்கலாம். "வெள்ளை வான் கேஸ் எல்லாத்தையும் எடுத்துத் தாரும், தம்பி. லிஸ்டை எடுக்கப் பின்னேரம் ஆக்கள் வருவினம்" என்றார் நாகேந்திரம். தட்டினேன். திரையில் பூச்சியம்.

ஏனென்று எனக்கு உடனே விளங்கியது: வெள்ளை, வான் இரண்டும் கழிபட்ட சொற்கள். என் நாற்பது வரியை நிறுத்தி, எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு முழுநாள் பிடிக்கும் என்று நினைத்தேன். நாகேந்திரத்திடம் பிழையை ஒப்புக்கொள்ளவும் வேண்டும். அன்று பின்னேரம் ரொறொன்ரோக்காரர் தொலைபேசியில் நேர்முகத்துக்கு எடுப்பதாக இருந்தது. ஆகவே டொல்பின் என்கிற வான் வகை, கறுப்புக் கண்ணாடி, இலக்கத் தகடு என்று வேறு சொற்களைக் கொடுத்து இருநூற்று நான்கு பெயர்களை எடுத்தேன். வெள்ளை வான் என்பதற்கு மேல் ஒன்றும் எழுதாதவர்கள் நாற்பத்தேழு பேர் விடுபட்டார்கள். முறைப்பாடுகளைத் தட்டச்சு செய்தவனே நான்தான். அந்த நாற்பத்தேழு பேரையும் எனக்குத் தெரியும்.

கனகேஸ்வரி அம்மா அதில் ஒருவர். மகன் வரதனைத் தேடிச் செவ்வாய்தோறும் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருவார். பட்டியல் அச்சாகிக்கொண்டிருந்தபோதும் வந்தார்.

"தம்பி, என்ர பிள்ளையின்ர கடதாசி உள்ளுக்க இருக்குதோ?"

"ஓம் அம்மா, உள்ளுக்கதான் இருக்கு."

பொய் சொல்லவில்லை. கடதாசி உள்ளேதான் இருந்தது. அவர் கொண்டுவந்த பயத்தம் பணியாரத்தில் மூன்றைத் தின்றேன். ரொறொன்ரோக்காரர் என்னை எடுக்கவில்லை.

பட்டியலில் இருந்தவர்களில் பதினொரு பேர் அந்த முகாமில் இருந்தார்கள். ஒரு மாதத்தில் வெளியே வந்தார்கள். அவர்களில் முத்துலிங்கம் என்பவர் எங்களிடம் வந்து சொன்னார்: "வரதன் என்ர அறையிலதான் இருந்தவன். பேர் வாசிக்கேக்க, ஒவ்வொரு பேருக்கும் எழும்பி எழும்பி இருந்தவன். அடுத்த நாள் மிச்ச ஆக்களை ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள்." எங்கே என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

அவர் போனதும் நான் நாற்பது வரியை நிறுத்தி, எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினேன். முழுநாள் பிடிக்கும் என்று நினைத்த வேலை நாற்பது நிமிடத்தில் முடிந்தது.

நாகேந்திரம் கேட்டார்: "அந்தப் பெடியன்ர பேர் ஏன் லிஸ்டில இல்லாமல் போச்சு?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு ஒரு வசனம் போதுமாயிருந்தது. "அவ விபரம் போதாமல் எழுதிப்போட்டா, சேர்."

அதை அவர் கனகேஸ்வரி அம்மாவிடம் அப்படியே சொன்னார். அந்த அம்மா என் மேசைக்கு வந்து நின்றார். "என்ர பிழைதான் தம்பி. அண்டைக்கு நான் வானை இன்னும் வடிவாய்ப் பாத்திருக்க வேணும்."

நான் அவரை இருத்தி, புதிய முறைப்பாடு ஒன்றை, விபரமாக, என் கையாலேயே எழுதிக்கொடுத்தேன். எழும்பிப் போகும்போது அவர் எனக்கு நன்றி சொன்னார். அதையும் இந்த வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா.