சாட்சி சொல்ல வேண்டியவன்

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் வெர்லினின் துணைவியார் ஒலீட்டா அம்மையார் அவர்களே, கொட்டுகிற மழையில் ஈர பூட்சோடு வந்து சேர்ந்திருக்கும் எங்கள் மலை மக்களே, வணக்கம்!

ஓடைக் காவலர் கழகத்தின் தலைவர் வெர்லின் ஸ்டேமியைப் புகழ்ந்து பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். வேறு ஆள் கிடைக்கவில்லையா? அந்த மனிதன்மேல் இந்த ஹோபர்ட்டுக்கு இருந்த பொறாமை ஊரறிந்த விஷயம். இப்போதும் வயிறு எரிகிறது!

நம் ஓடையின் ராட்சத சலமாண்டர், அந்தப் பல்லி மாதிரி நீர்ப்பிராணி, ஒரு முழ நீளம் இருக்கும். பாறைக்கடியில் கிடக்கும், லேசில் முகம் காட்டாது. வெர்லினுக்கு மட்டும் காட்டும்! நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீரில் குப்புறக் கிடப்பான். திடீரென்று கை உயரும். "ஹோபர்ட்டு, ஓடியாடா! தலைய நீட்டிட்டு இருக்கு!" நான் வழுக்கி விழுந்து போய்ச் சேர்வதற்குள் வால்தான் மிஞ்சும். இரண்டு பேர் கண்ணில் பட்டால்தான் கழகத்தின் கணக்கில் சேரும். ஆகவே, "ஆமாம், பார்த்தேன்" என்று தலையாட்டுவதே என் உத்தியோகம். எத்தனை வருடம்! எத்தனை வால்!

கோடையில் குளிக்க வருகிறவர்கள் ஓடைக் கற்களைப் பெயர்த்து அடுக்குவார்கள். நான் கத்தினால் என்மேல் தண்ணீர் அடிப்பார்கள். வெர்லின் போய், "இது சலமாண்டரோட வீட்டுக் கூரைங்க, இருந்த எடத்துலயே வச்சிருங்க" என்பான். வைத்துவிட்டு, அவனுக்குச் சோளரொட்டியும் கொடுத்துவிட்டுப் போவார்கள். இது நியாயமா?

போன செவ்வாய்க்கிழமை, "நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு, நீ மட்டும் போடா" என்றான். போனேன். பெரிய பாறையடியில், என் மூக்குக்கு நேராக, தலை! வால் அல்ல ஐயா, முழுத் தலை! அசையாமல் என்னையே பார்த்தது. நிமிர்ந்து கையைத் தூக்கி, "வெர்லின், ஓடியாடா!" என்று கத்திவிட்டேன். கரையில் யாருமில்லை. பெருமையடிக்க அவன் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் ஒலீட்டா அம்மையார் அழுதுகொண்டு நின்றிருந்தார்.

நான் கண்டது கணக்கில் சேராது. அவனுக்கு நான் வாழ்நாளெல்லாம் சாட்சி. எனக்கு ஒரே ஒரு தடவை அவன் தேவைப்பட்டான், அதற்குள் போய்விட்டானே! இதிலும் என்னை ஜெயித்துவிட்டானே!

அவன் காத்த கல்லில் ஒன்றைக்கூட யாரும் பெயர்க்க விடமாட்டேன், இது சத்தியம். சனிக்கிழமை மறுபடி ஓடையில் இறங்குகிறேன். எனக்குச் சாட்சி வேண்டும். யார் வருகிறீர்கள்?

யாரது கை தூக்குவது? ஒலீட்டா அம்மையாரா?

"நான் வரேன் ஹோபர்ட்டு. அவரு நீச்சல் கண்ணாடி என்கிட்டதான் இருக்கு. நீங்க கத்தாம மட்டும் இருங்க."

வாங்கம்மா. ஆனா அது உங்களுக்குத் தலையைக் காட்டிட்டு எனக்கு வாலைக் காட்டுச்சுன்னா, நான் சும்மா இருக்க மாட்டேன்!