கடலடியை ருசி பார்த்தவர்

சாயங்காலம் ஆறு மணி. வளைகுடாவின் நடுவில் ஒற்றைப் படகு. அந்தப் பக்கம் தீவு, இந்தப் பக்கம் பெரிய கரை... இரண்டுமே தெரியவில்லை. அப்படியொரு மூடுபனி. இது நம் கடைக்காரருடைய சித்தப்பாவுக்கு நடந்தது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் தட்டைக் கீழே வைத்துவிடுங்கள், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

சித்தப்பாவுக்குக் கடலில் ஆழம் பார்க்கிற வேலை. படகோட்டுவது அவருடைய மருமகன். பெரிய கரை ஆஸ்பத்திரியில் மகளுக்கு வலி எடுத்துவிட்டதாகச் சேதி. திசைகாட்டியோ கிறுக்குப் பிடித்ததுபோல் சுற்றுகிறது. மாப்பிள்ளையை எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும்.

ஆழம் பார்க்கிற ஈயக்குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் மாட்டுக் கொழுப்பை அப்பிக் கயிற்றில் இறக்கினால், கடலடி மண் ஒட்டிக்கொண்டு வரும். சிப்பி மணலென்றால் தீவுப் பக்கம். ஆற்றுச் சேறென்றால் பெரிய கரை. சந்தேகம் வந்தால் மனுஷன் நாக்கில் வைத்துப் பார்ப்பார். கருமம், அப்படியொரு பழக்கம்.

நங்கூரம் போட்டுக் குண்டை இறக்கினார். பத்துப் பாகம் ஆழம், அதாவது கிட்டத்தட்ட பத்து ஆள் உயரம். ஒட்டி வந்தது மணலுமில்லை, சேறுமில்லை. வெளுப்பாக, கொழகொழவென்று... நாக்கில் வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. கழுவாத வாயின் நாற்றம். சீ! குடலே வெளியே வந்துவிடும்போல் காறித் துப்பினார்.

"மாமா, எந்தக் கரை பக்கத்துல இருக்கோம்?"

"இருப்பா... இன்னொரு தடவ போட்டுப் பாக்கறேன்."

இந்த முறை ஆறு பாகம்தான். படகு நகரவே இல்லை. கடலடிதான் மேலே வந்திருந்தது. குண்டைத் திருப்பினார்... கொழுப்பைக் காணோம். குழியை எதுவோ சுத்தமாக நக்கியிருந்தது. எச்சில் நூல் நூலாக ஒழுகியது.

"நங்கூரத்தத் தூக்குப்பா! சீக்கிரம்!"

மருமகன் குனிந்து கயிற்றைப் பிடித்தான். கை மணிக்கட்டுவரை தண்ணீரில். அப்படியே நின்றுவிட்டான். கீழே... சளப்... சளப்...

"மாமா... சூடா இருக்கு."

சித்தப்பா அவனைச் சட்டையோடு பிடித்து இழுத்துப் போட்டார். கயிற்றை அறுத்தார். கடவுள்மேல் பாரத்தைப் போட்டு என்ஜினை முடுக்கினார். வந்து சேர்ந்தது பெரிய கரைதான். ஆஸ்பத்திரி விளக்கில் அந்தக் கையைப் பார்த்தார். நகமில்லை. ரேகையில்லை. காயமுமில்லை... தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்றிருந்தது.

மகள் சிரித்தபடி குழந்தையை அவனிடம் கொடுத்தாள். அவன் வாங்கி, குனிந்தான். முத்தம் கொடுக்கிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பக்கத்தில் நின்ற சித்தப்பாவுக்கு மட்டும் கேட்டது...

சளப்.