கூடம் கோணலாக இருந்த கதை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் மேலாளர் அவர்களே, அலையோடு வாழ்ந்து ஓய்வுபெற்ற மூத்த பொறியாளர்களே, "இவ அப்படி என்னதான் வேலை பாக்குறா?" என்று நேரில் காண வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்!

தொலைவிலிருந்து வரும் ரேடியோ அலை, ஆன்டெனாவைத் தொடும்போது சுவர்போலத் தட்டையாக இருக்கும். ஆன்டெனாக்களைச் சோதிக்க, அந்தத் தொலைவை ஓர் அறைக்குள் அடைப்பது எப்படி? சுவரெல்லாம் அலையை விழுங்கும் கூம்புகளை ஒட்டினோம். ஒரு பக்கம் சிறு ஆன்டெனாக்களை வரிசை வரிசையாக அடுக்கினோம். அவை கூடி அனுப்பும் அலை, அறையின் நடுவில் தட்டையாக நிற்க வேண்டும். அவ்வளவுதான் எங்கள் வேலை. அவ்வளவும் எங்கள் வேலை!

என்ன அண்ணா, அங்கே போன் எடுக்குமா என்கிறீர்களா? எடுக்காது. சிலர் அந்த அறையைவிட்டு வெளியே வர மறுப்பதே அதனால்தான்!

அங்கே முதலில் சோதனைக்கு வந்தது மீட்புப் படகுக்கான ஆன்டெனா. வடிவமைத்தவள் என் தோழி. ஆள் சிறிது, காரம் பெரிது, ஆகவே 'கடுகு' என்போம். சுழற்றி அளந்தால், ஒரு திசையில் பள்ளம். அந்தத் திசையிலிருந்து அழைப்பவரின் குரல் கேட்காது என்று பொருள். மீண்டும் அளந்தோம், மீண்டும் பள்ளம்.

இதோ சிரிக்கிறாரே நம் மேலாளர், இவர்தான் சொன்னார்: "சாயங்காலம் கமிட்டி. இந்த ஆன்டெனா தேறலன்னு தள்ளிடலாம்மா."

கடுகு வெடித்தாள்: "உங்க ரூம்லதான் கோளாறு!"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன்.

"கூடம் நெசமாவே கோணலா இருந்தா, ஆடுறவ என்னடி பண்ணுவா? ஒரு சாண் நகத்தி வச்சு அள, பாப்போம்!"

நகர்த்தினோம். குறை ஆன்டெனாவுடையது என்றால், பள்ளம் அதே திசையில் நிற்க வேண்டாமா? நின்றதா? இல்லை. வேறு திசையில் போய் உட்கார்ந்துகொண்டது! ஆம், கூடம்தான் கோணல். ஒரே இடத்தில் வைத்து எத்தனை முறை அளந்தாலும், ஒரே பொய்தானே கிடைக்கும்?

காரணம் எங்கள் அடுக்கில் இருந்தது. எல்லா ஆன்டெனாக்களுக்கும் சமமான வலிமை கொடுத்திருந்தோம். ஓரத்தில் அலை சட்டென்று அறுந்து, நடுவில் மேடுபள்ளமாகிவிட்டது. ஓரம் போகப் போக வலிமையைக் குறைத்தோம். அலை அடங்கியது, பள்ளம் மறைந்தது.

"இப்பவாவது தேறுச்சான்னு வாயத் தொறந்து சொல்லேன்!" என்றாள் கடுகு. தேறியது என்று கமிட்டியில் சொன்னேன்.

தீர்ப்புச் சொல்லத் துணிவு வேண்டும் என்பார்கள். துணிவு மட்டும் போதுமா? ஐயம் வேண்டாமா? அந்த ஐயம் முதலில் நம்மீதே எழ வேண்டாமா? இன்று அந்த ஆன்டெனாவோடு மீட்புப் படகுகள் கடலில் இருக்கின்றன. எத்திசையிலிருந்து ஒருவர் அழைத்தாலும், அவற்றுக்குக் கேட்கும்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் செவிகளுக்கு என் நன்றி, வணக்கம்!